கூவத்துக்கு நேர் வழி!

முதல் மழையில் அண்ணா சாலையில் ஓடும் தண்ணீர் ஏன் கறுப்பு? வண்டிகள் சிந்திய ஆயில், டயர் தூள், குப்பை! எல்லாம் சிமெண்ட் கால்வாய் வழியே கூவத்துக்குப் போகிறது.

மருந்து மண்ணில் இருக்கிறது. ரோட்டோரப் பள்ளத்தில் அடியில் ஜல்லி, மேலே மணல் கலந்த மண் போட்டு, செடி நட வேண்டும். மண் அழுக்கைப் பிடிக்கும். அதிலுள்ள கிருமிகள் ஆயிலைத் தின்னும். வேர், மண்ணை இறுக விடாது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1990-களிலேயே இதைச் செய்தார்கள்.

சென்னையிலும் மழைநீரை மண்ணில் இறக்க மாநகராட்சி ‘ஸ்பாஞ்ச் பார்க்’ அமைத்தது. நல்ல காரியம்! ஆனால் ஐப்பசிக்கு முன்பே சேறு, பிளாஸ்டிக்கை வாராவிட்டால் எல்லாம் கொசுக் குட்டைதான்.

கால்வாய்க்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறவர்கள், பக்கத்தில் நாலு முழம் மண்ணையும் விட்டுவைக்கட்டும்!