மேல்முறையீடு முடிவதற்குள் கட்டடம் முடிந்துவிட்டால்?

நியூயார்க்கில் லிங்கன் மையத்துக்கு அருகே, 200 ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் 668 அடி உயர அடுக்குமாடிக் கட்டடம் நிற்கிறது. அந்த உயரத்துக்காகப் பக்கத்துக் குடியிருப்பு வளாகத்தின் திறந்தவெளியையும் வாகன நிறுத்துமிடத்தையும் துண்டுதுண்டாக மனைக் கணக்கில் சேர்த்தார்கள். வரைபடத்தில் அந்த மனைக்கு 39 பக்கங்கள்!

2017 செப்டம்பரில் நகரக் கட்டடத் துறை அனுமதி வழங்கியது. எதிர்த்த குடிமக்கள் அமைப்புகள் நேரே நீதிமன்றம் போக முடியாது. கட்டட மேல்முறையீட்டு வாரியத்திடம்தான் முதலில் முறையிட வேண்டும். நம் ஊரிலும் அரசியல் சட்டத்தின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போட்டால், மாற்று நிவாரணம் இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்றுதான் உயர் நீதிமன்றம் முதலில் கேட்கும்.

விதி நியாயமானதுதான். தளப்பரப்பு, பக்கவாட்டு இடைவெளி போன்றவற்றை அலசத் துறை அறிந்தவர்களே பொருத்தமானவர்கள். தவறைத் திருத்திக்கொள்ள அதிகாரிக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது.

ஆனால் ஆம்ஸ்டர்டாம் அவென்யூவில் நடந்தது என்ன? இப்படி மனை சேர்க்க இடம்கொடுத்த தன் 1978ஆம் ஆண்டுக் குறிப்பின் விளக்கம் தவறு என்று கட்டடத் துறையே 2018இல் கருதியது. இருந்தும் அந்த ஆண்டு ஜூலையில் வாரியம் அனுமதியை உறுதிசெய்தது. 2019 மார்ச்சில் நீதிமன்றம் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. ஜூனில் வாரியம் பழைய முடிவையே சொன்னது. கோடை முடிவதற்குள் கட்டடம் முழு உயரத்தை எட்டிவிட்டது.

2020 பிப்ரவரியில் அனுமதியை ரத்துசெய்த நீதிபதி, அதிகப்படியான மாடிகளை இடிக்கவும் உத்தரவிட்டார். 2021 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. வாரியத்தின் விளக்கம் ஏற்கத்தக்கது என்றதோடு, கட்டுமானத்தை உரிய காலத்தில் நிறுத்திவைக்க மனுதாரர்கள் போதிய முயற்சி எடுக்கவில்லை, வழக்கே பயனற்றுப்போய்விட்டது என்றும் சொன்னது.

வாரியத்துக்குப் போ என்று கட்டளையிடும் சட்டம், மனுதாரரை மட்டும் காத்திருக்க வைப்பது அநீதி. வாரியம் தீர்ப்பளிக்கக் கெடு வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தாலே வலுவுள்ள முறையீடு என்றால், அதுவரை வேலை நிற்க வேண்டும். வட்டி ஏறுகிறது, வீண் புகாரால் நஷ்டம் என்று கட்டுமான நிறுவனங்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. அதற்கு மனுதாரரிடம் ஓரளவு பிணைத்தொகை கேட்கலாம். முறையீட்டையே செல்லாக்காசாக்குவது தீர்வாகாது.

சட்டம் மாறும்வரை, அனுமதியை எதிர்ப்பவர்கள் மேல்முறையீட்டோடு இடைக்காலத் தடை மனுவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அஸ்திவாரம் தோண்டும்போதே.