பெஞ்சை எடுத்துவிடாதீர்கள்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு மல்லியும் பிச்சியும் கொண்டுவருகிறவர்களும், ராத்திரி ஷிப்ட் முடித்த விசைத்தறிக்காரர்களும் விடிகாலையில் ஒரே இடத்தில்தான் உட்கார்கிறார்கள். டீக்கடை பெஞ்ச். காபி கேட்டால் பல கடைகளில் இன்ஸ்டன்ட் தூள்தான் கிடைக்கும். அதற்காக யாரும் எழுந்து போவதில்லை. பக்கத்து ஆள் கையிலிருக்கும் ‘தினத்தந்தி’யின் நடுப்பக்கம் இன்னும் கைக்கு வரவில்லையே!

இதையெல்லாம் காபிக்கடைக் கலாசாரம் என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயர் ஷாங்காய் போன்ற நகரங்களுக்குப் போய்விட்டது. அங்கே 2017 டிசம்பரில் ஸ்டார்பக்ஸ் சுமார் 30,000 சதுர அடியில் ஒரு காபி மாளிகையையே திறந்தது. ஆனால் அதே ஆண்டில் சீனாவில் பிறந்த லக்கின் காபி நிறுவனம் வேறு வழியில் போனது: செல்போனில் ஆர்டர், சின்னக் கடை, வாங்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். 2023இல் சீனாவில் ஆண்டு விற்பனையில் ஸ்டார்பக்ஸையே முந்திவிட்டது. பல கடைகளில் உட்கார இடமே கிடையாது.

தமிழ்நாட்டில் காபியின் வரலாறே உட்காருவது பற்றிய சண்டைதான். காபி கிளப்புகளில் ‘பிராமணாள்’ என்ற பலகை தொங்கிய காலம் ஒன்று இருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். அதே 1957இல், காபி வாரியம் கைவிட்ட காபி ஹவுஸ்களை கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் ஊழியர்களே கூட்டுறவாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். ஒரு காபியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து அரசியல் பேச அங்கே தடையில்லை.

டீக்கடை மட்டும் யோக்கியமா? தெற்கத்திக் கிராமங்களில் இரட்டைக் குவளை வைத்ததும், சிலரைத் தரையில் குத்தவைத்ததும் இதே டீக்கடைகள்தான். ஆகவே பெஞ்ச் என்பது சும்மா கிடைத்த பலகை அல்ல.

இப்போது கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட கடைகள் சிற்றூர்களுக்கும் வருகின்றன. வரட்டும். வீட்டில் தனி அறை இல்லாத கல்லூரிப் பெண்ணுக்கு, ஆண்கள் மொய்க்கும் டீக்கடையைவிட அது நல்ல இடம். ஆனால் ஒரு காபிக்கு நூறு ரூபாய்க்கு மேல் என்றால் தறிக்காரர் எங்கே போவார்? அவருடைய டீக்கடையும் ‘பார்சல் மட்டும்’ என்று மாறினால் நஷ்டம் பெரிது.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்காகப் பெஞ்சை உள்ளே தூக்கிப்போடும் கடைக்காரர்களிடம் கேட்க ஒன்றுதான் உண்டு: தபசுக் காட்சி முடிந்த மறுநாளே அதை மறக்காமல் வெளியே போடுங்கள்.