ஒரே கை, ஒரே இசைக்குழு, 22 ஆண்டு இடைவெளி

பிரெஞ்சு இசையமைப்பாளரும் இசைக்குழு நடத்துநருமான பியேர் பூலேஸ், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி ஒரு பலிச் சடங்கைச் சொல்லும் பாலே நடனத்துக்காக எழுதிய ‘வசந்தச் சடங்கு’ படைப்பை அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆர்கெஸ்ட்ராவுடன் இரண்டு முறை பதிவு செய்தார். முதல் பதிவு 1969-ல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு. அடுத்தது 1991-ல் டாய்ச்ச கிராமஃபோனுக்கு. இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: முன்னதில் கனல் தெறிக்கும் பூலேஸ், பின்னதில் வயதாகிக் கனிந்த பூலேஸ். கேட்க அழகான கதைதான். ஆனால் பதிவுகள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் மிகக் குறைவாக மாறியவர் பூலேஸ்தான் என்பது என் துணிபு.

1950-களின் தொடக்கத்திலேயே இந்தப் படைப்பின் தாள அமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆராய்ந்து நீண்ட கட்டுரை எழுதியவர் அவர். அன்று கண்ட கட்டுமானத்தையே இரு பதிவுகளிலும் கேட்கிறோம். 1958-ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்குடன் லெனர்ட் பெர்ன்ஸ்டீன் செய்த பதிவில் உணர்ச்சி பொங்கும் இடமெல்லாம் வேகமும் சேர்ந்து பொங்கும். பூலேஸிடம் அது 1969-லும் இல்லை, 1991-லும் இல்லை. பிடித்த காலப்பிரமாணத்தை விடாமல் வைத்துக்கொண்டு, அடுக்கடுக்காக ஒலிக்கும் கருவிகளில் ஒன்றுகூட இன்னொன்றை மூடாதபடி நடத்துகிறார். கையில் கோல் இல்லாமல் நடத்தியவரின் சிக்கனம் இரண்டிலும் ஒன்றுதான். ஆக, தணிந்தது அவருடைய நெருப்பு என்று சொல்ல ஆதாரம் போதாது.

மாறியது வாசிப்பவர்களுக்கும் இந்த இசைக்கும் இருந்த உறவு. தொடக்கத்தில் தனித்து ஒலிக்கும் பாசூனையே எடுத்துக்கொள்வோம். அந்தத் தாழ்சுருதிக் கருவியை அதன் உச்சத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார் ஸ்ட்ராவின்ஸ்கி. 1913-ல் பாரிஸில் அரங்கேறியபோது அது அபூர்வமான ஒலி. இன்றோ ஆர்கெஸ்ட்ராவில் சேர வருபவரிடம் தேர்வில் வாசிக்கச் சொல்லும் வழக்கமான பகுதி. படைப்பு முழுவதற்கும் இதே கதைதான். நடத்துநர் ஜார்ஜ் ஸெல் பல்லாண்டு பயிற்றுவித்த கிளீவ்லாந்து குழு 1969-ல் வாசித்தபோது, கடைசிப் பலி நடனத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு தாளக் கட்டத்திலும் கணக்கு மாறும் அந்த ஓட்டத்தை, பாறைக்குப் பாறை பார்த்துக் கால்வைத்து ஆறு கடப்பதுபோல் கடந்தது. தடுமாற்றம் இல்லை, ஆனால் விழிப்பு காதில் விழுகிறது. 1991-ல் அதே கணக்குகள் தாய்மொழிபோல் சரளமாக வருகின்றன. குழு மேலும் நேர்த்தியாகத்தான் வாசிக்கிறது. ஆனாலும், பலியாகப் போகும் பெண்ணைச் சுற்றி நடனம் வெடிக்கும் முன் விழும் அந்தப் பதினோரு அடிகள் 1969-ல் அச்சுறுத்துகின்றன. 1991-ல் கச்சிதமாக விழுகின்றன.

இது ஒலிப்பதிவின் வேறுபாடாக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னது அனலாக் நாடா, கருவிகளுக்கு நெருங்கி நிற்கும் ஒலி. பின்னது டிஜிட்டல், அரங்கின் காற்றோடு கலந்து வரும் ஒலி. மைக்கின் பங்கையும் விரலின் பங்கையும் துல்லியமாகப் பிரித்துவிட முடியாது. ஆனால் இந்த வாதம் வயதுக் கதையைத்தான் மேலும் பலவீனமாக்குகிறது. காரணம் எதுவானாலும் அது நடத்துநரின் முதுமைக்கு வெளியேதான் இருக்கிறது. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. வாசிப்பவர் திணற வேண்டும் என்று ஸ்ட்ராவின்ஸ்கி விரும்பவில்லை. 1943-ல் அந்தப் பலி நடனத்தின் குறியீட்டைப் படிக்க எளிதாக அவரே திருத்தி எழுதினார். உண்மை. ஆனால் அவர் எளிதாக்கியது தாளில் இருந்த எழுத்தை. அடுத்த அடி எங்கே விழும் என்று கேட்பவர் கணிக்க முடியாத அந்த நிலையை அவர் தொடவே இல்லை. அந்த நிலையை 1969 பதிவுதான் முழுதாகக் காப்பாற்றித் தருகிறது.

அதனால்தான் இணைய இசைச் செயலிகள் இந்தப் பதிவுகளை வைத்திருக்கும் விதம் வருத்தம் தருகிறது. தேடினால் அதே படைப்பு, அதே நடத்துநர், அதே குழு. பதிவான ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் பல நேரம் மறுவெளியீட்டு ஆண்டு நிற்கிறது. புதியது, ஒலி தெளிவானது என்பதால் பின்னதே போதும் என்று கேட்பவர் நகர்ந்துவிடுவார். செவ்வியல் ராகங்களைப் போலப் பல தலைமுறைக் காதுகளில் ஊறிய இசையல்ல இது. இருபதாம் நூற்றாண்டின் ஆர்கெஸ்ட்ரா இசையை உலகின் பெரும்பாலோர் பதிவுகள் வழியாகவே அறிகிறார்கள். அவர்களுக்குப் பதிவான ஆண்டு இசையின் ஒரு பகுதி. அதை முகப்பிலேயே அச்சிடுவதற்கு நிறுவனங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆண்டு தெரிந்தால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கத் தோன்றும்: இறுதியில் புல்லாங்குழல்கள் மேலேறி ஒரு கணம் தொங்கி நிற்க, 1969-ல் அந்தக் கடைசி அடி விழுமா என்றே மனம் பதைக்கும், 1991-ல் அது விழும் என்று தெரியும்.