பேச்சுக்குத் தனி அறை கிடையாது

மூளையின் இடப்பக்க முன்புறத்தில் புரோக்கா பகுதி என்று ஓர் இடம் இருக்கிறதாம். பேச்சு அங்கேதான் பிறக்கிறதாம். அது கெட்டால் பேச்சு போச்சாம். பாடப்புத்தகத்திலிருந்து வாட்ஸ்அப் காணொளி வரை இதே பாட்டுதான். கூடவே வண்ணம் பூசிய படம் வேறு.

இந்தக் கதை 1861-இல், பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் தொடங்கியது. லெபோர்ன் என்ற நோயாளி எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்பார். கோபம் தலைக்கேறினால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்து விழும். (பேச்சின் இருப்பிடமே அழிந்திருந்தால் அந்த வசவு எங்கிருந்து வந்தது? கதை சொல்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை.) அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்தவர் பால் புரோக்கா. சேதம் பல இடங்களில் பரவியிருந்தது அவருக்கே தெரியும். முன்மடலின் மூன்றாம் மடிப்பில்தான் அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். மூளையை அறுக்காமல் ஆல்கஹாலில் போட்டு வைத்தார். அந்தப் புண்ணியத்தில், நினா டிரோங்கர்ஸ் குழுவினர் அதே மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மேற்பரப்போடு நிற்காமல், ஆழத்திலுள்ள இன்சுலாவையும் முன்பகுதியைப் பின்பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகளையும் சேதம் தின்றிருந்தது. புரோக்கா பகுதி மட்டும் பாதிக்கப்பட்டால் பேச்சிழப்பு நிலைப்பதில்லை என்று நரம்பியல் மருத்துவர் ஜே மோர் 1978-லேயே எழுதிவிட்டார். யார் கேட்டார்கள்?

'ஸ்கேனில் அந்த இடம் சிவப்பாகத் தெரிகிறதே' என்பார்கள். எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற அந்த ஸ்கேன் காட்டுவது நரம்பணுவின் வேலையை அல்ல, அதன் பின்னால் வரும் ரத்த ஓட்டத்தை. அது உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி ஆகும். பூனைப் படத்தைப் பார்த்துப் 'பூனை' என்று சொல்ல நமக்கு ஒரு விநாடிகூட வேண்டாம். அதற்குள் சொல்லைத் தேடியது, ஒலிகளை அடுக்கியது, நாக்கை அசைத்தது எல்லாம் அந்தச் சிவப்புத் திட்டில் கரைந்துவிடும். நேரத்தைத் துல்லியமாக அறிய, வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைப் பரப்பில் மின்முனை பொருத்தப்பட்டவர்களின் உதவி வேண்டும். அடீன் ஃப்ளிங்கரும் சகாக்களும் 2015-இல் வெளியிட்டது அப்படிப்பட்ட ஆய்வுதான். சொல் வெளிவருவதற்கு முன்னால் மும்முரமாக இயங்கிய புரோக்கா பகுதி, அதை உச்சரிக்கும் நேரத்தில் அடங்கிக் கிடந்தது.

இதெல்லாம் ஏட்டுச் சண்டை அல்ல. பக்கவாதம் வந்தவரின் வீட்டில் 'பேச்சுப் பகுதி போய்விட்டது, இனி என்ன இருக்கிறது' என்று கையை விரித்துவிட்டுப் பேச்சுப் பயிற்சியை நிறுத்துவதற்கும் இந்தக் கதைதான் துணைபோகிறது.

பேச்சை மீட்க அந்தப் பகுதியையே நம்பியிருக்க வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டதைப் பாருங்கள். தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயால் புரியும்படி பேச முடியாமல் போன ஒரு பெண்ணின் மூளையில் நான்கு சிறிய மின்முனைத் தொகுப்புகளைப் பதித்தார்கள். இரண்டு புரோக்கா பகுதியில், இரண்டு வாயையும் நாக்கையும் அசைக்கும் பகுதியில். அவர் பேச முயன்றதைக் கணினி நிமிடத்துக்கு 62 சொல் வீதம் திரையில் எழுதியது. அதற்கான தகவல் வாய் அசைவுப் பகுதியிலிருந்து வந்தது. புரோக்கா பகுதியில் வைத்த இரண்டிலும் பயன்படும்படி கிட்டத்தட்ட எதுவும் கிடைக்கவில்லை.