ஆச்சியின் ராணி ரூபாயை உருக்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். மும்பையில் மழையா, பிள்ளைகள் படிக்கிறார்களா என்ற விசாரிப்பெல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது. நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஆச்சி பொட்டியில அந்த ராணி ரூவா இருபத்திமூணு கெடக்குல்லா? வெள்ளி இப்ப என்ன வெல விக்கி தெரியுமா? எல்லாத்தையும் கடையில போட்டுட்டு பேத்திமாருக்கு ஆளுக்கொரு கொலுசு எடுத்துரலாம். நீ என்ன சொல்லுத?"

"வேண்டாம் சித்தப்பா."

"ஏன், மொத்தத்தையும் நீயே அடிச்சிட்டுப் போலாம்னு பாக்கியா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சுருக்கென்றுதான் இருந்தது. போனில் விளக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இது சித்தப்பாவுக்கு மட்டும் இல்லை. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பீரோவின் அடித்தட்டில் ஒரு சுருக்குப் பையை வைத்துக்கொண்டு, வெள்ளி விலை எப்போது இன்னும் ஏறும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லக்கூடாது பாருங்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபாய்க் காசு 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அதாவது சுத்த வெள்ளி ஏறத்தாழ 10.7 கிராம். 2025ல் வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டியது. அந்த லட்ச ரூபாய்க் கணக்கில் பார்த்தால் ஒரு காசு ஆயிரத்துச் சொச்சம். விலை இரண்டு மடங்கு ஆனாலும் இரண்டாயிரத்துச் சொச்சம். அதிலும் கடைக்காரர் சேதாரம், கழிவு என்று பிடித்தது போகத்தான் கைக்கு வரும். குடும்பமே கூடிப் பேசுகிற அளவுக்கு இது பெரிய சொத்தா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

"அப்படியானால் சேகரிப்பவர்களிடம் விற்றால் லட்சம் லட்சமாகக் கிடைக்குமே" என்று அடுத்த கோஷ்டி வரும். வாட்ஸப்பில் வருகிற கதை இது. விக்டோரியா காசும் ஐந்தாம் ஜார்ஜ் காசும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. சாதாரண வருஷம், தேய்ந்த காசு என்றால் வெள்ளி விலையை ஒட்டித்தான் தருவார்கள். லட்சம் தருகிறேன், முதலில் கமிஷன் கட்டு, வரி கட்டு என்று எவனாவது கேட்டால் அவன் திருடன். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று எழுதிய கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு உங்களிடம் இருக்கிறதா? பூஜையில் வையுங்கள், தப்பில்லை. ஆனால் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது.

ஆக, எடை போட்டாலும் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏலம் போட்டாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?

ஏனென்றால் அதில் தேதி இருக்கிறது.

நம்மைப் போன்ற குடும்பங்களில் கல்வெட்டு உண்டா, செப்பேடு உண்டா? தாத்தாவுக்குப் பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. ஆச்சிக்கு அதுவும் கிடையாது. ஊர் வீட்டையும் விற்றாயிற்று. இருபது வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு, நம் பிள்ளைகளிடம் "நம்ம குடும்பம்" என்று காட்ட நம் கையில் என்ன இருக்கிறது? வருஷம் பொறித்த பொருள் என்று எங்கள் வீட்டில் இருப்பது இந்தச் சுருக்குப் பை ஒன்றுதான்.

அதைக் கொட்டி, ராஜா வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். நான்காம் வில்லியம் ஒன்று, விக்டோரியா ஒன்பது, ஏழாம் எட்வர்ட் நான்கு, ஐந்தாம் ஜார்ஜ் ஏழு, ஆறாம் ஜார்ஜ் இரண்டு.

வில்லியம் காசில் 1835 என்று இருக்கிறது. ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர். ஒரு வியாபாரக் கம்பெனி நாட்டையே வைத்திருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 1835 சட்டத்தால்தான் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. 1862 காசில் கம்பெனி பெயர் காணாமல் போய் இந்தியா என்று வந்துவிட்டது. நடுவில் 1857 நடந்திருக்கிறது, 1858ல் ராணியின் நேரடி ஆட்சி வந்திருக்கிறது. என் மகளுக்கு ஒரு பாடப் புத்தகம் முழுக்கச் சொல்லிப் புரியாதது, இந்த இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் புரிந்தது.

இங்கே என் அலுவலக நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். நல்ல மனுஷர், மராட்டிக்காரர். "வெள்ளைக்காரன் முகத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பது அடிமைப் புத்தி" என்பார். அவருக்கு நான் காட்டுவது 1877 காசு.

அதுவரை விக்டோரியா ராணி என்று இருந்த எழுத்து 1877ல் விக்டோரியா சக்கரவர்த்தினி என்று மாறுகிறது. அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி தில்லியில் பெரிய தர்பார் நடத்தி லிட்டன் பிரபு அந்தப் பட்டத்தை அறிவித்தார். நம் பக்கத்தில் அப்போது என்ன நடந்தது? தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் லட்சம் லட்சமாக ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அந்தத் தீனி போதாது என்று சென்னை மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் சண்டை போட்டார். பதினாறு அணா ஒரு ரூபாய். சக்கரவர்த்தினியின் முகத்தை ஒரு தடவை கையில் வாங்க, அரை வயிற்றோடு பதினாறு நாள் மண் சுமக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச் சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். பஞ்ச வருஷங்களில் ஜனங்கள் விற்ற வெள்ளி நகைகள் பம்பாய் நாணயச் சாலைக்கு வந்து குவிந்தன. எங்கள் 1877 காசில் தேதிக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருக்கிறது. பம்பாயில் அடித்தது என்பதற்கு அடையாளம். கோட்டைப் பகுதியில் அந்த நாணயச் சாலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் புள்ளி ஞாபகம் வரும். அந்தக் காசே ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண் பசிக்குக் கழற்றிக் கொடுத்த கொலுசாக இருந்திருக்கலாம். அதை மறுபடி கொலுசாக்கலாம் என்கிறார் சித்தப்பா!

1893ல் அந்த வழியையும் சர்க்கார் அடைத்தது. அதற்குப் பிறகு ரூபாயின் மதிப்பு தனி, வெள்ளியின் மதிப்பு தனி. சேமிப்பை எல்லாம் தண்டையாகவும் கொலுசாகவும் வைத்திருந்தவர்கள்தான் நஷ்டப்பட்டார்கள்.

இதையெல்லாம் சொல்கிற காசை வைத்திருப்பது அடிமைப் புத்தியா? என்னைக் கேட்டால், உருக்குவதுதான் ஆண்டவனுக்குச் செய்கிற உபகாரம். சாட்சியை நாமே அழித்துக் கொடுக்கிறோம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் உண்டு. "அந்தக் காலத்துல ரூபான்னா சுத்த வெள்ளி. வெள்ளைக்காரன் நாணயமா இருந்தான்" என்று சொல்லும் பெரியவர்கள். அவர்களுக்கு ஆறாம் ஜார்ஜ் காசைக் காட்டுங்கள். யுத்தச் செலவு கழுத்தை நெரித்ததும் 1940ல் வெள்ளியை ஐம்பது சதவீதமாகக் குறைத்தார்கள். 1947ல் புலி போட்டு வந்த கடைசி ரூபாயில் ஒரு குன்றிமணி வெள்ளி கூடக் கிடையாது, வெறும் நிக்கல். தலை அதே ராஜாவின் தலைதான். வெள்ளியை மட்டும் எடுத்துவிட்டார்கள். இதுதான் உங்கள் பொற்காலம்.

காசு சேர்க்கும் நண்பர்களையும் இந்த விஷயத்தில் சும்மா விடமாட்டேன். ஐந்து ராஜாக்கள் செட் என்று வெல்வெட் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வாங்கி, பளபளவென்று பாலீஷ் போட்டு, ஹாலில் மாட்டிவிடுகிறார்கள். பாலீஷ் போட்டால் காசின் மேல்தோலே போய்விடும், சேகரிப்பவர்கள் மத்தியில் விலையும் விழும். அந்த செட்டில் பாதி போலியாகக் கூட இருக்கும். ரூபாயில் 1862க்குப் பிறகு அடுத்த தேதி 1874. நடுவில் அடித்ததிலும் 1862 என்றே போட்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் 1922க்கு அடுத்து 1936தான். 1865 என்றும் 1930 என்றும் ரூபாய் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். எட்டாம் எட்வர்ட் 1936ல் ஒரு வருஷம் கூட முழுதாக இருக்கவில்லை. அவர் முகம் போட்ட பிரிட்டிஷ் இந்திய ரூபாய் வெளிவரவே இல்லை.

இனி, நான் இதைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

2011ல் என் மகள் பிறந்தபோது ஆச்சி தன் பையிலிருந்து பதினோரு காசை எண்ணி என் கையில் வைத்தாள். "வச்சுக்கோ, பிள்ளைக்கு" என்றாள். மும்பைக்குக் கொண்டுவந்து அதே மாதம் ஒரு நகைக்கடையில் கொடுத்து கொலுசு வாங்கினேன். கடைக்காரர் மேல் குற்றமில்லை. எடை போட்டார், கொடுத்தார். நான்தான் அந்தப் பதினொன்றில் என்ன வருஷம் இருக்கிறது என்று ஒரு தடவை கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கொலுசு இரண்டே வருஷத்தில் சின்னதாகிவிட்டது. அதையும் போட்டு வேறு எதையோ வாங்கினோம். என்ன வாங்கினோம் என்று எனக்கும் ஞாபகமில்லை, என் மனைவிக்கும் ஞாபகமில்லை.

2014ல் ஆச்சி போய்விட்டாள். அவளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "காந்தி செயில்ல இருந்த சமயம்" என்று மட்டும் சொல்வாள். காந்தி எத்தனை தடவை ஜெயிலுக்குப் போனார்! ஆனால் அந்தப் பையில் மஞ்சள் துணியில் தனியாக முடிந்து ஒரு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் இருந்தது. தாலி கட்டின அன்றைக்குத் தாய்மாமா கையில் வைத்தது என்று அம்மாவிடம் ஆச்சியே சொல்லியிருக்கிறாள். அதில் 1943 என்று இருக்கிறது. காந்தி கடைசியாகச் சிறையிலிருந்து வந்தது 1944 மே மாதம். அப்படியென்றால் ஆச்சியின் கல்யாணம் 1943 தொடங்கி 1944 மே மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். எந்த ரிஜிஸ்தர் ஆபீசிலும் இல்லாத தகவல். பாதி வெள்ளிக் காசு, கடையில் போட்டால் கழித்துத்தான் எடுப்பார்கள். அதுதான் இதைச் சொன்னது.

அந்தப் பதினோரு காசு என்ன சொல்லியிருக்கும்? இனி தெரியப்போவதில்லை.

ஆகவே மக்களே, உங்கள் வீட்டுப் பையை இன்றைக்கே எடுங்கள். தேய்க்காதீர்கள், புளி போடாதீர்கள். ஒவ்வொரு காசாக ராஜா பெயர், வருஷம், புள்ளி இருக்கிறதா, வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்தவரிடம் கேட்டு எழுதுங்கள். இதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளாதீர்கள். காசு அப்படியே இருக்கும், அவர்கள் இருக்க வேண்டுமே. அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்குப் பங்கு அனுப்புகிறவர்கள் கவனியுங்கள்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள், நாமாக வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பிரித்துக்கொள்வதானால் பேரன் பேத்திகளுக்குள் காசாகவே பிரியுங்கள், நோட்டின் நகலோடு.

நிஜமாகவே பணமுடையா? ஆஸ்பத்திரிச் செலவா? தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள், ஆச்சி கோபிக்க மாட்டாள். அவள் சேர்த்ததே அதற்குத்தான். அப்போதும் நோட்டில் எழுதிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் கொலுசுக்காக வேண்டாம்.

இதை எழுதி முடித்ததும் சித்தப்பாவுக்குப் போன் செய்து 1943 காசின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "அப்பம் எங்க அம்மைக்கு அன்னைக்கு என்ன வயசுடே இருக்கும்?"

இருபத்திமூன்று காசும் இப்போதைக்குப் பெட்டியில்தான் இருக்கிறது. பேத்திமாருக்குக் கொலுசு என் செலவு என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். :-)