ஒரு தெர்மாமீட்டரும் 500 கோடி லிட்டர் கடலும்

காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் சுமார் 1 கிராம் பாதரசம் இருக்கும். மாசு குறைந்த நடுக்கடலில் அதே 1 கிராமைத் திரட்ட ஏறக்குறைய 500 கோடி லிட்டர் நீர் வேண்டும். லிட்டருக்கு 0.2 நானோகிராம் அளவில்தான் அங்கே பாதரசம் கரைந்திருக்கிறது.

இவ்வளவு சொற்பத்தை அளக்கப் போனால், அளப்பவரே மாசாகிவிடுவார். 1970களில் வெளியான கடல்நீர் அளவுகள் பலவற்றைப் பின்னாளில் ஒதுக்க வேண்டியதாயிற்று. குப்பியிலும் ஆய்வகக் காற்றிலும் இருந்த பாதரசம் கடலின் கணக்கில் ஏறியிருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1669-ஆம் எண் நெறிமுறை இதனால்தான் மாதிரி எடுக்க இருவரைக் கேட்கிறது. ஒருவர் வெளிப்பையைப் பிரிப்பார். குப்பியைத் தொடுபவர் மற்றவர். பல்லில் பாதரச அடைப்பு உள்ளவர் குப்பியின்மேல் மூச்சு விடுவதுகூட ஆபத்து.

ஆய்வகத்தில் கைகொடுப்பது நகை ஆசாரிகள் அறிந்த சங்கதி: பாதரசம் பட்டால் தங்கம் வெளுக்கும். நீரிலுள்ள பாதரசத்தை ஸ்டானஸ் குளோரைடால் ஆவியாகும் வடிவத்துக்கு மாற்றி, வாயு செலுத்தி வெளியேற்றினால், தங்கம் பூசிய மணல் அதைப் பிடித்துக்கொள்ளும். சூடாக்கினால் விட்டுவிடும். அப்படி வெளிவரும் ஆவியில் புற ஊதா ஒளி பட்டதும் எழும் ஒளிர்வே அளவைச் சொல்லும்.

சிக்கல் கடல்நீர் ஆய்வு அறிக்கையில் இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் உச்சம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1,000 நானோகிராம். அந்த வரம்புக்கென அமைத்த கருவியில், கடலில் பாதரசம் நூறு மடங்கு ஏறினாலும் ‘கண்டறியப்படவில்லை’ என்றே வரும். படிப்பவர் கடல் சுத்தம் என்று நினைத்துக்கொள்வார். சுறாவுக்கும் சூரைக்கும் அந்த நிம்மதி இல்லை. பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசம் உணவுச் சங்கிலியில் ஏறி, அவற்றின் தசையில் நீரில் இருப்பதைவிடப் பல லட்சம் மடங்கு செறிகிறது.

மனிதச் செயல்களால் கடலின் மேற்பரப்பு நீரில் பாதரசம் ஏறக்குறைய மும்மடங்காகியிருக்கிறது என்று கடல் வேதியியலாளர் கார்ல் லம்போர்க்கின் குழு 2014-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது. நானோகிராமுக்கும் கீழே நம்பகமாக அளந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018-இல் ஏற்றது. அது கேட்பதும் நாடுகளுக்கிடையே ஒப்பிடத்தக்க தரவைத்தான்.

ஆகவே கடல்நீர் அறிக்கை ஒவ்வொன்றிலும் பாதரச அளவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, அந்த முறை எட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு. மற்றொன்று, தூய நீரை அதே படகில் கொண்டுபோய், அதே மாதிரிக் குப்பியில் ஊற்றி, கரைக்குத் திரும்பி அளந்தபோது வந்த எண். இவை இல்லாத அறிக்கையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.