அபின் மாத்திரையும் ஏழையின் "குணக்கேடும்"

அமெரிக்கா தேசத்தில் அபின் இனத்தைச் சேர்ந்த மருந்துகளால் 2021ம் வருஷத்தில் மாத்திரம் சுமார் 80 ஆயிரம் பேர் மாண்டு போனார்கள். 2024ல் இத்தொகை வெகுவாகக் குறைந்ததென்றாலும், இருபது வருஷங்களுக்கு மேலாக அந்நாட்டில் இச்சாவு நடந்து வந்திருக்கின்றது. இதில் நம் கவனத்துக்குரிய விஷயம் என்னவென்றால், இந்த மாத்திரைப் பழக்கம் முதன் முதலில் தலைகாட்டியது பெரிய பட்டணத்து உல்லாசப் பேர்வழிகளிடத்தில் அல்ல. மேற்கு வர்ஜீனியா, கெண்டகி முதலிய இடங்களில் உள்ள மலைக் கிராமங்களிலும், நிலக்கரிச் சுரங்கம் வெட்டிப் பிழைத்த ஊர்களிலுமேயாகும்.

ஏன் அங்கே? இந்தக் கேள்விக்கு யோக்கியர்கள் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்கள் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான். அவர்கள் சோம்பேறிகளாம், மனவுறுதி இல்லாதவர்களாம், தெய்வபயம் விட்டவர்களாம். தெய்வபயத்தைப் பற்றியானால், அந்த மலை ஜனங்கள் கோவிலுக்குப் போவதில் யாருக்கும் இளைத்தவர்களல்லர். ஊருக்கு நாலு மாதாகோவில் உண்டு. சோம்பலைப் பற்றியானால், பூமிக்கடியில் குனிந்தபடியே நாள் முழுதும் கரி வெட்டினவனைச் சோம்பேறி என்று சொல்லுகிறவர்கள் ஒரு நாளாவது அந்தக் குழிக்குள் இறங்கிப் பார்த்தவர்கள்தானா என்று கேட்கின்றோம்.

உண்மை வேறு. 1940களில் மேற்கு வர்ஜீனியாவில் லட்சம் பேருக்கு மேல் கரிச்சுரங்க வேலை செய்தார்கள். யந்திரம் வந்தது, பிறகு மலையையே வெடி வைத்துப் பெயர்க்கும் முறை வந்தது, இன்று அவ்வேலையில் உள்ளவர்கள் பதினையாயிரம் பேர்கூட இல்லை. மக்டவல் என்னும் ஜில்லாவில் 1950ல் ஜனத்தொகை சுமார் 99 ஆயிரம். 2020ல் சுமார் 19 ஆயிரம். போக முடிந்தவர்கள் போய்விட்டார்கள். முதுகொடிந்தவனும், மூட்டு தேய்ந்தவனும், கரித்தூளால் நெஞ்சு அடைத்தவனும், அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவளும் தங்கினார்கள். கரியின் லாபம் வெகுகாலத்துக்கு முன்பே வெளியூர் முதலாளிகளின் பெட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வலி மட்டும் உள்ளூரிலேயே நின்றுவிட்டது.

இந்த வலியின்மேல்தான் பர்டியூ என்னும் மருந்துக் கம்பெனி கண் வைத்தது. 1996ல் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரையை அது விற்பனைக்குக் கொண்டு வந்தது. எந்த டாக்டர் வலி மருந்தை அதிகமாக எழுதுகிறார் என்று கணக்கெடுத்து, அப்படிப்பட்ட டாக்டர்களிடம் தன் ஏஜெண்டுகளை அனுப்பியது. டாக்டர்களைச் சொந்தச் செலவில் உல்லாச ஸ்தலங்களுக்கு அழைத்துப்போய் உபந்நியாசம் செய்தது. 2001ல் மாத்திரம் ஏஜெண்டுகளுக்கு 4 கோடி டாலர் வெகுமதி கொடுத்தது. இம்மருந்தில் பழக்கம் ஏற்படுவது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு என்று ஏஜெண்டுகள் ஓதினார்கள். இப்படிப் பேசியவர்களெல்லாம் எடுத்துக்காட்டிய ஆதாரமோ, 1980ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வந்த ஐந்தே வாக்கியக் கடிதம்! ஆஸ்பத்திரியில் படுத்திருந்து இம்மாதிரி மருந்து வாங்கிய 11,882 பேரில் 4 பேருக்கே பழக்கம் ஏற்பட்டதாக அதில் கண்டிருந்தது. வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் விழுங்குகிறவனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அந்தக் கடிதம் வேதவாக்காகிவிட்டது. "டாக்டர் சொன்னார், அச்சில் இருக்கிறது" என்றால் ஆராயாமல் நம்புவதற்கும், சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை.

மாத்திரை எவ்வளவு கொட்டப்பட்டதென்று பாருங்கள். கெர்மிட் என்பது சுமார் 400 பேர் உள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்த ஒரே மருந்துக் கடைக்கு இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய 90 லட்சம் மாத்திரைகள் போய்ச் சேர்ந்தன. தலைக்கு 22 ஆயிரத்துக்கு மேல் ஆகின்றது! அனுப்பின மொத்த வியாபாரிக்குக் கணக்குத் தெரியாதா? கண்காணிக்க வேண்டிய சர்க்காருக்குத்தான் தெரியாதா? 2016ல் எரிக் அயர் என்னும் பத்திரிகைக்காரர் ஒருவர் இக்கணக்கை வெளியிட்ட பிறகுதான் ஊருக்கெல்லாம் ஞானம் பிறந்தது.

கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் சாக்லர், மருந்தைத் தப்பாக உபயோகிக்கிறவர்களே குற்றவாளிகள், அவர்களைத்தான் அடிக்க வேண்டும் என்ற கருத்தில் 2001ல் எழுதினார். 2007ல் கம்பெனியே கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டியது. 2020ல் மறுபடியும் ஒப்புக்கொண்டது. அக்குடும்பத்தாரில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. அவர்கள் பணம் கொடுத்த கலாசாலைகளிலும் சித்திரசாலைகளிலும் அவர்கள் பெயர் வெகுகாலம் பொறித்திருந்தது. பாரிஸிலுள்ள லூவ்ர் காட்சிசாலையில் 2019ல்தான் அது எடுக்கப்பட்டது. கொள்ளையில் ஒரு பங்கை எடுத்துக் கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிற தர்மப் பிரபுக்கள் எந்தத் தேசத்திலும் உண்டு போலும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986ல் அதே அமெரிக்காவில் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி 500 கிராம் கொக்கேயின் தூளுக்கு என்ன தண்டனையோ, அதே தண்டனை 5 கிராம் "கிராக்" கட்டிக்கு. கிராக் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பு மக்கள். 2010 வரையில் அந்தக் கணக்கே நடந்தது. வெள்ளை மலைக் கிராமத்தில் பிணம் விழுந்த பிறகுதான் "இது குற்றமல்ல, நோய்" என்ற பேச்சு பெரிய இடங்களில் பலமாகக் கிளம்பிற்று. நோய் என்பது மெய்தான். ஆனால் மெய்க்கு ஏன் தோலின் நிறம் தெரிய வேண்டும்?

நோய் என்று ஒப்புக்கொண்ட பிறகாவது மருந்து கிடைக்கின்றதா என்றால், அதிலும் கிராமத்தானுக்கு மோசமே. மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் என்ற மருந்துகள் கொடுத்து வந்தால் சாவு பாதியளவு குறைகின்றது என்று பல ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. மெத்தடோனை, ஆரம்பத்திலாவது, அனேகமாகத் தினந்தோறும் அதற்கென்று உள்ள வைத்தியசாலைக்கே போய்ச் சாப்பிட வேண்டும். வைத்தியசாலையோ மலைக்கப்பால் ஒரு மணி, இரண்டு மணிப் பிரயாணத்தில் இருக்கின்றது. பஸ் இல்லை. வேலைக்குப் போகிறவன் தினமும் போய் வருவதெப்படி? இதற்கிடையே, "ஒரு போதைக்கு இன்னொரு போதையா? ஜெபம் பண்ணு, சரியாய்ப் போகும்" என்று சொல்லி அந்த மருந்தையும் நிறுத்தச் செய்கிற விடுதிகள் வேறு உண்டு. சில காலம் நிறுத்தியிருந்து மறுபடி பழைய அளவை எடுக்கிறவன் உடம்பு அதைத் தாங்காது என்பது வைத்தியம் தெரிந்த எவருக்கும் தெரிந்த சங்கதி. அதிலும், ஃபென்டனில் என்ற கடுஞ்சரக்கு கலந்து வரும் இந்நாளில் கேட்கவே வேண்டாம்.

இப்பொழுது கம்பெனிகளிடமிருந்து நஷ்டஈட்டுப் பணம் ஜில்லாக்களுக்கு வந்துகொண்டிருக்கின்றது. சில ஜில்லாக்களில் அதைக் கொண்டு முதலில் வாங்கியது போலீசுக்கு வண்டி. வைத்தியசாலைக்குப் போக நோயாளிக்கு வண்டி இன்னும் வரவில்லை.